காவலனைத் தாக்கும் கிருமி

நயினாதீவுக்குச் செல்வோர் குறிகட்டுவானிற் படகேறுவர். கடல் சூழ்ந்த அவ்வூருக்கு இறங்குதுறையே வாயில். புதியவர் எவர் வந்தாலும் அங்கு நிற்போர் அறிவர். மனித உடலிலும் இத்தகைய காவல் உண்டு. குருதியிலுள்ள வெண்குருதிக் கலங்களே அக்காவலர். அவற்றுள் சீ.டீ. 4 எனப்படும் ஒருவகை, புகுந்த கிருமியை இனங்கண்டு ஏனைய கலங்களைப் போருக்கு ஏவுகின்றது. எச்.ஐ.வி. என்னும் வைரசு தாக்குவது அத்தலைவனையே.

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இந்நோய் முதன்முதல் அறியப்பட்டது. 1983இல் பாரிசு நகரப் பாஸ்டர் நிலையத்தார் கிருமியைக் கண்டனர். மேனாட்டாரின் நோய் இது, நம்மை அணுகாது என்றே இந்தியாவிற் பலரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் 1986இல் சென்னையிற் குலைந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியர் சுனீதி சாலமனின் மாணவியாயிருந்த நிர்மலா, அரசாங்கக் காப்பு விடுதியொன்றிலிருந்த பெண்களிடம் குருதி பெற்று, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்று சோதித்தார். ஆறு பேரிடம் கிருமி இருந்தது. தம் குருதி எதற்காக எடுக்கப்பட்டது என்பதையே அப்பெண்கள் அறியார். கண்டறிந்தோர் பெயர்கள் நிலைத்தன; அவ்வறுவர் பின் என்னவாயினர் என்று கேட்டோர் மிகச் சிலரே.

இக்கிருமியின் செயல் வியப்பிற்குரியது. சீ.டீ. 4 கலத்துட் புகுந்து, தன் மரபுப்பொருளை அக்கலத்தின் மரபுப்பொருளோடு பிணைத்துவிடுகின்றது. அதன்பின் காவலனே பகைவனைப் பெருக்கத் தொடங்குகின்றான். முதலிற் பெருஞ்சேதம் அடைவது குடல். காவற்கலங்கள் மிகுதியாக உறைவது அங்கேதான். ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் 500க்கு மேல் இருக்கவேண்டிய கலங்கள் ஆண்டுதோறும் குறைந்து 200க்குக் கீழ் வந்தால், அந்நிலை எயிட்சு எனப்படும். அப்பொழுது சயரோகம் நுரையீரலைப் பற்றும். பூஞ்சணம் மூளையுறையிற் பரவும். கண்ணொளி குன்றுதலும் உண்டு. உயிரைக் கவர்வன பெரும்பாலும் இத்துணை நோய்களே.

கிருமி பரவுவது உடலுறவாலும், குருதியாலும், தாயிடமிருந்து சேய்க்குமே. நாகபூசணி அம்மன் கோயில் அன்னதானப் பந்தியில் அருகிருந்து உண்பதனால் எவர்க்கும் அது தொற்றாது.

1996இல் கூட்டு மருந்துகள் வந்தன. இலங்கை அரசாங்கம் அவற்றை இலவசமாக வழங்குகின்றது. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுதலை நாடு ஒழித்தமையை 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. மருந்து கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கும். உறங்கும் கலங்களுள் ஒளிந்திருப்பதை அழிக்காது. ஆகவே அதனை நாள்தோறும், வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். நிறுத்தினால், ஒளிந்திருந்த கிருமி சில வாரங்களில் மீண்டும் குருதியிற் பெருகும்.