தேயிலைத் தீவில் நம்மவர்

1971ஆம் ஆண்டில் நான் வேடசந்தூரில் ஆறாம் வகுப்புப் பயின்றுகொண்டிருந்தேன். ஆண்டின் நடுவே புதிய மாணவன் ஒருவன் வந்து சேர்ந்தான். "உன் ஊர் எது?" என்று ஆசிரியர் வினவ, அவன் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னான். வகுப்பு முழுவதும் நகைத்தது, நானும் நகைத்தேன். அன்று முதல் அவனுக்குச் 'சிலோன்காரன்' என்பதே பெயராயிற்று. அவனுடைய பாட்டனாரோ குடகனாற்றுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கடல் கடந்தவர். எங்கள் நகைப்பின் பிழை எனக்கு விளங்குவதற்குப் பின்னாளில் வரலாறு கற்பிக்க வேண்டியிருந்தது.

இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் பெருந்தோட்டமாக முதலில் வளர்த்தது காப்பி. அதற்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் மிகுதியாக வேண்டும். ஆகவே மதுரை, திருச்சி, இராமநாதபுரம் சீமைகளின் ஏழை உழவர்கள் பருவத்துக்குப் போய்ப் பருவம் முடிந்ததும் திரும்பினர். தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தோர் பலர்.

1869இல் காப்பி இலையைத் துருநோய் பற்றியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகில் ஒரு தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி அழிந்த சரிவுகளில் தேயிலை ஏறிற்று. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். அதற்குப் பெண்களின் கைகளும் வேண்டும். எனவே போனவர் குடும்பத்தோடு போயினர். போன இடத்திலேயே தங்கினர். இங்கோ 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம் நிலவிற்று. நமது வறண்ட சீமையில் மழை பொய்த்தால் மக்களுக்கு வேறு போக்கிடம் ஏது?

அவர்களை அழைத்துச் சென்றவர் கங்காணி. அவர் அந்நியர் அல்லர்; பெரும்பாலும் அதே ஊரார், உறவினர். முன்பணம் கொடுப்பார், அது கடனாக ஏறும். கடன் தீராத தொழிலாளியை வேறு தோட்டத்துக்கு மாற்றத் 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கிற்று. மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய அம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. விடியுமுன் தப்பொலி எழும். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். குடியிருப்பு லயத்தில் ஓர் அறை. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவே. அந்த லயத்து முற்றத்தில்தான் மாசியில் காமன் கூத்து ஆடினர். தென்பாண்டிச் சீமையின் தெய்வங்களையும் உடன் கொண்டுபோயிருந்தனர்.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்பாடு கண்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. சகோதரர் பங்கு பிரிக்கையில்கூட வீட்டிலுள்ள முதியவரின் கருத்தைக் கேட்பது வழக்கம். இங்கே எவரையும் கேட்கவில்லை. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் மண்டபம் முகாமில் தங்கிக் குடும்ப அட்டையுடன் பிரிந்து சென்றனர். அவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. என் வகுப்புத் தோழனின் குடும்பமும் ஓராண்டில் நீலகிரிக்கே போய்விட்டது. மலைக்குளிரில் வளர்ந்த அவன் பாட்டிக்கு நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றனர். அங்கே அவர்களை 'இந்தியத் தமிழர்' என்று ஒதுக்கினர். இங்கே நாங்கள் 'சிலோன்காரர்' என்றோம்.

பல்லாண்டு கழித்து அதே பள்ளிக்குத் தலைமையாசிரியனாக வந்தபோது, பழைய சேர்க்கைப் பதிவேட்டில் அவன் பெயரைத் தேடி எடுத்தேன். 'சொந்த ஊர்' என்ற கட்டத்தில் முதலில் 'இலங்கை' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே 'வேடசந்தூர்' என்று வேறு மையில் எழுதியிருந்தது.