எழுதாவிட்டால் அது விபத்து

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவனிடம், "அது என்ன வேலையப்பா?" என்று கேட்டேன். அமெரிக்க டாக்டர்கள் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீட்டைப் போடுவதாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி பட்டியல்தான் அதற்கு அடிப்படை. கை முறிந்தால் அதற்கு ஒரு குறியீடு. எப்படி முறிந்தது என்பதற்கு வேறொன்று. கூரிய ஆயுதத்தால் தாக்கினால் எக்ஸ் 99, கம்பு போன்ற மழுங்கிய பொருள் என்றால் ஒய் 00, தீ வைத்துத் தாக்கினால் எக்ஸ் 97.

பிறகு அவன் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "சார், அடிச்சாங்கன்னு டாக்டர் எழுதலேன்னா நாங்களா போட முடியாது. எப்படி ஆச்சுன்னு ஒண்ணுமே இல்லேன்னா விபத்துன்னுதான் போடணும்."

நம் தஞ்சை மண்ணின் கதையே இதில் இருக்கிறது.

பண்ணையாட்களுக்கு இங்கே சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவதுதான் சாணிப்பால். அது உடம்பில் தழும்பு வைக்காது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் எட்டு வகைக் காயங்களைக் கொடுங்காயம் என்றது. கண் போவது, காது போவது, எலும்போ பல்லோ முறிவது என்று போய், கடைசி வகை 20 நாள் கடும் வலியில் கிடப்பது அல்லது வழக்கமான வேலை செய்ய முடியாமல் போவது. மறுநாள் விடியுமுன் வயலில் நிற்கவேண்டிய மனிதருக்கு 20 நாள் படுக்கை ஏது? அவர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போய், யாரிடம் சொல்லியிருப்பார்?

பி. சீனிவாசராவ் போன்றோர் விவசாயிகள் சங்கம் கட்டிய பிறகு, 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில்தான் அடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுத்தில் வந்தது.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. ஒரே குடிசையில் அடைபட்டு எரிந்தவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அக்காலத்து எழுத்துகள் சிலவற்றில் 42 என்றிருக்கும். இறந்தவர்களின் எண்ணிக்கையே இரண்டு விதம். இதை விபத்து என்று யாராலும் எழுத முடியவில்லை. 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் மிராசுதாரர்களுக்குத் தண்டனை விதித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. என்ன நடந்தது என்பது பதிவாயிற்று. யார் செய்தார்கள் என்ற கட்டம் காலியாகவே நின்றது.

இனி என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் என் மாணவன் ஒருவனின் அப்பாவைக் கம்பால் அடித்துக் கையை முறித்துவிட்டார்கள். நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டூட்டி டாக்டர் "எப்படி?" என்று கேட்டார். ஊரில் சண்டை பெரிதாகிவிடக் கூடாது என்று நானே, "வரப்பில் வழுக்கி விழுந்துட்டார் சார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நோட்டில் அப்படியே ஏறியது. அந்தக் குறுவைக்கு அவரால் வயலில் இறங்க முடியவில்லை. பிறகு நியாயம் கேட்டபோது, "வழுக்கி விழுந்தவன்தானே" என்றார்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதை விபத்தாக்கியது வாத்தியாரான என் வாய்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 20 நாள் 15 நாளாகியிருக்கிறது. ஆனாலும் எல்லாம் தொடங்குவது ஆஸ்பத்திரியின் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில்தான். யாராவது அடிபட்டால் முதலில் சிகிச்சை. டாக்டர் கேட்கும்போது எங்கே, எப்போது, எதனால், எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடப் போகிறவர்கள் என்னைப் போல் சமாதானம் பேசிவிடாதீர்கள்.

அந்த அப்பா இப்போது இல்லை. அவர் மகன் இந்தப் பதிவைப் படிக்கக்கூடும். தம்பி, மன்னித்துக்கொள்.