மெய்நிகர் கணினியில் நெட்வொர்க் பிரிண்டர்

ஒரு கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினியிலிருந்து, நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டரில் அச்செடுப்பதற்கான அமைப்பு. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருள்களில் இது பெரும்பாலும் நெட்வொர்க் முறையைப் பொறுத்தே அமைகிறது.

விர்ச்சுவல்பாக்ஸில் இயல்பாக இருப்பது, வெளிக்கணினியின் முகவரி வழியே நெட்வொர்க்கை அடையும் நேட் முறை. உள்ளே இயங்கும் கணினிக்குப் பொதுவாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். பலரும் தடுமாறுவது இங்கேதான்: பிரிண்டரைத் தேடினால் பட்டியல் காலியாக வரும், பிரிண்டரே பழுது என்று தோன்றும். உண்மையில், தேடலுக்கான மல்டிகாஸ்ட் செய்திகள் நேட்டைத் தாண்டுவதில்லை. நேரடி இணைப்புக்குத் தடையில்லை. 192.168.1.50 போன்ற பிரிண்டரின் ஐபி முகவரியை நாமே தட்டச்சு செய்து, 9100 போர்ட்டையோ ஐபிபி என்ற அச்சு நெறிமுறைக்குரிய 631 போர்ட்டையோ கொடுத்தால் பெரும்பாலும் அச்சு வந்துவிடும்.

பிரிட்ஜ்டு முறையில் உள்ளே இயங்கும் கணினிக்கு ரௌட்டரே தனி முகவரி தருவதால் தேடலும் பலிக்கும். ஆனால் சில வைஃபை இணைப்புகள் இதற்கு இடம் தருவதில்லை. அங்கே நேட்டே நம்பகமானது. வெளிக்கணினியோடு மட்டுமே இணைக்கும் ஹோஸ்ட்-ஒன்லி முறை நெட்வொர்க் பிரிண்டருக்குப் பயன்படாது.

டிரைவர் தேவைப்பட்டால் அதை உள்ளே இயங்கும் இயங்குதளத்திலேயே நிறுவ வேண்டும். வெளிக்கணினியில் இருப்பது போதாது. லினக்ஸில் அச்சுப் பணிகளைப் பெரும்பாலும் கப்ஸ் என்ற மென்பொருள் கவனிக்கிறது. பிரிண்டரின் முகவரியை ரௌட்டரில் நிலையாக ஒதுக்கிவிடுவது மிக அவசியம். முகவரி மாறினால் அச்சுப் பணிகள் வரிசையிலேயே தேங்கிவிடும்.