பாதை பழையது, எல்லைக்கல் புதியது

மாசிமகத்துக்கு இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனை வணங்கி, திருமணங்களும் நடத்துகிறார்கள். அந்த மணலுக்கு அவர்களிடம் பட்டா கிடையாது. தலைமுறைகளாக நடந்து வந்ததே அவர்களின் ஆவணம்.

காட்டில் அந்த ஆவணம் செல்லுபடியாகவில்லை. 1882 சென்னை வனச் சட்டப்படி காப்புக்காடு அறிவித்தபோது, குறித்த காலத்துக்குள் கோராதவர்களின் உரிமை அழிந்தது. தேனுக்கும் கிழங்குக்கும் போய்வந்த ஒற்றையடிப் பாதையில் நடப்பது அத்துமீறல் ஆனது. பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

இது வரலாற்று அநீதி என்று 2006 வன உரிமைச் சட்டம் தன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டிலோ, 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைக் கட்டணத்தோடு திறந்தது. அவற்றுள் ஒன்று குடியம் குகைப் பாதை. 1997க்கு முன் அது செங்கல்பட்டு மாவட்டம், இன்று திருவள்ளூர். பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைப்பதை வரவேற்கிறோம். ஆனால் கொடுத்த வேலையை அரசு எந்த நாளும் நிறுத்தலாம்; சட்டப்படி பெற்ற உரிமையை அப்படி நிறுத்த முடியாது.

மாணவத் தோழர்களே, மலையேறப் போகிறீர்களா? போங்கள். போகும் ஊரில் வன உரிமைக் குழு இருக்கிறதா, எத்தனை மனுக்கள் நிலுவையில் இருக்கின்றன என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.