உறுமலுக்குள் மெட்டு: கோர்ஃபெஸ்ட் குழுவின் இசைப்பயணம்

நெதர்லாந்தின் டெத் மெட்டல் இசையைப் பற்றிப் பேசுவோர் கோர்ஃபெஸ்ட் குழுவை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். 1992இல் ‘ஃபால்ஸ்’ ஆல்பத்தைத் தந்த குழு வீரம் செறிந்தது; 1996இல் ‘சோல் சர்வைவர்’ தந்த குழு வழிதவறியது. இதுவே அந்தப் பார்வையின் சாரம். இந்தப் பிரிவினை இசையைக் கூர்ந்து கேட்டுப் பிறந்ததன்று. எவ்வளவு வேகம், எவ்வளவு கொடூரம் என்பதையே டெத் மெட்டலின் அளவுகோலாகக் கொண்டதால் வந்தது. அளவுகோலை மாற்றிப் பார்த்தால் இந்தக் குழுவின் பயணம் முழுவதும் ஒரே திசையில் செல்வது புலப்படும். உறுமும் குரலும் கனத்த கிட்டாரும் பிணங்களைப் பற்றி மட்டுமல்ல, உயிரோடிருக்கும் மனிதர்களைப் பற்றியும் பேச வல்லவை என்று நிறுவுவதே அந்தத் திசை. அதற்கு அவர்கள் கண்ட கருவி மெட்டு.

கடலோடு ஓயாமல் போராடி நிலத்தைக் காக்கும் சீலாந்து மாகாணத்தில் ஃகூஸ் என்றொரு சிற்றூர். 1989இல் குழு அங்கே தோன்றியது. யான்-கிறிஸ் டெ கூயர் பாடி, பேஸ் கிட்டாரும் வாசித்தார். ஃபிராங்க் ஹார்ட்ஹோர்ன் கிட்டார் வாசித்தார். முதல் ஆல்பமான ‘மைண்ட்லாஸ்’ 1991இல் வந்தது. தொடர்கொலைகாரனின் வாக்குமூலம், அழுகும் உடலின் நாற்றம் என்று அதன் பாடல் தலைப்புகளே அக்கால டெத் மெட்டலின் வாடிக்கையான பொருள்களைக் காட்டும். மறு ஆண்டிலேயே படம் மாறுகிறது. டிரம்ஸ் வாசிக்க எட் வார்பியும், இரண்டாம் கிட்டாருக்குப் பௌடவைன் போனெபாக்கரும் வந்து சேர்ந்தார்கள். வார்பி அதற்கு முன் எலஜி என்ற குழுவில் இருந்தவர். தெளிந்த குரலும் இனிய மெட்டும் மிகுந்த பவர் மெட்டல் அது. அந்தப் பயிற்சி கோர்ஃபெஸ்டுக்குள் நுழைந்ததன் விளைவை ‘ஃபால்ஸ்’ ஆல்பத்தில் கேட்கலாம். வேகம் தணிகிறது, அடிகளுக்கு நடுவே இடம் பிறக்கிறது, அந்த இடத்தில் கிட்டார் தனி வாசிப்புகள் பாட்டாகவே ஒலிக்கின்றன. பாடற்பொருளும் போர், மதம், சமூகம் என்று விரிகிறது. ஒலியும் பொருளும் ஒரே ஆல்பத்தில் சேர்ந்து மாறியது தற்செயல் ஆகாது. போரில் மாண்டவரைப் பற்றிப் பாட வந்தவர்களுக்கு அதிர்ச்சி மட்டும் போதாது. துயரத்தைத் தாங்கும் மெட்டும் தேவைப்பட்டது. ‘ஃபால்ஸ்’ ஒலிப்பதிவை நெறிப்படுத்திய காலின் ரிச்சர்ட்சன்தான், மறு ஆண்டு பிரிட்டனின் கார்கஸ் குழு மெட்டை நோக்கித் திரும்பிய ‘ஹார்ட்வொர்க்’ ஆல்பத்தையும் தயாரித்தார் என்பது நினைவுகூரத் தக்கது.

இந்தக் கண்கொண்டு நோக்கினால் பின்வந்த ஆல்பங்கள் திடீர்த் திருப்பங்களாகத் தோன்றா. 1994இல் வந்த ‘இரேஸ்’ ‘ஃபால்ஸ்’ திறந்த இடத்தை இன்னும் அகலமாக்கியது. 1996இல் ‘சோல் சர்வைவர்’ எழுபதுகளின் ராக் இசையையும் புளூஸின் சாயலையும் வெளிப்படையாகவே ஏற்றது. 1998இல் ‘சாப்டர் 13’ அதே வழியில் சென்றது. இது விற்பனைக்காகச் செய்த சமரசம் என்பது முதல் மறுப்பு. உறுமும் குரலை விடாமல் எழுபதுகளின் ராக்கை வாசிப்பவர்களுக்கு அன்று எந்தச் சந்தை காத்திருந்தது? ராக் ரசிகருக்கு அந்தக் குரல் கடினம். டெத் மெட்டல் ரசிகருக்கு அந்தத் தாளம் அந்நியம். இருந்த ரசிகர்களில் பலரை இழந்து, 1998இலேயே குழு கலைந்தது. ஆதாயம் தேடியவர் நடக்கும் வழி இதுவன்று. மேலும், இந்த வேட்கை கோர்ஃபெஸ்டுக்கு மட்டும் உரியதன்று. அதே நாட்டின் பெஸ்டிலன்ஸ் 1993இல் ‘ஸ்பியர்ஸ்’ ஆல்பத்தில் ஜாஸை நோக்கிச் சென்றது. உறுமலோடு தொடங்கிய தி காதரிங், 1995இல் அன்னேகே வான் கீர்ஸ்பெர்கனின் தெளிந்த குரலோடு ‘மாண்டிலியன்’ தந்தது. ஒரு தலைமுறைக் கலைஞர்கள் ஒரே காலத்தில் தம் கலையின் எல்லையை விரித்திருக்கிறார்கள். அதைக் கூட்டுத் துரோகம் என்பது பொருந்தாது.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது. 2004இல் மீண்டும் கூடிய குழு, 2005இல் ‘லா முவெர்தே’, 2007இல் ‘ரைஸ் டு ரூயின்’ என்ற கனத்த ஆல்பங்களைத் தந்தது. அப்படியானால் இடைக்காலம் பிழை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள் அல்லவா? கனம் திரும்பியது உண்மை. ஆனால் அந்த ஆல்பங்களின் நீண்ட மெதுநடைப் பகுதிகளையும், அவசரமின்றி மலரும் கிட்டார் வாசிப்புகளையும், பின்னுக்குச் சாய்ந்து நிற்கும் தாளத்தையும் கேளுங்கள். 1992இன் கோர்ஃபெஸ்டால் இவற்றை எழுதியிருக்க முடியாது. நடுவில் பெற்ற கல்வி பழைய கனத்தோடு கலந்ததால்தான் இவை பிறந்தன.

மெலடிக் டெத் மெட்டல் என்ற பெயர் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரக் குழுக்களுக்கே உரியது, கோர்ஃபெஸ்டை அதில் சேர்க்கலாகாது என்பது மூன்றாவது மறுப்பு. வகைப்பாட்டு அளவில் அது நியாயமே. அட் தி கேட்ஸ், டார்க் டிராங்க்விலிட்டி, இன் ஃபிளேம்ஸ் ஆகியோரின் மெட்டு, இரு கிட்டார்கள் இணைந்து பாடும் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் மரபிலிருந்து வந்தது. நெதர்லாந்திலும் காலெனிஷ் சர்க்கிள், டெடனேஷன் போன்றோர் அந்த நெறியில் திறமையாக வாசித்தார்கள். கோர்ஃபெஸ்டின் மெட்டோ புளூஸிலும் எழுபதுகளின் ராக்கிலும் வேர்கொண்டது. ஆகவே அவர்களைக் கோத்தன்பர்க் பள்ளியில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் டெத் மெட்டலுக்குள் மெட்டு நுழைந்த வரலாற்றை அந்த ஒரு நகரத்தோடு முடிப்பது குறைபட்ட வரலாறு. சீலாந்திலிருந்தும் ஒரு பாதை புறப்பட்டிருக்கிறது.

2009இல் குழு மறுபடியும் கலைந்தது. அது விதைத்தது அழியவில்லை. குழு கலைவதற்கு முன்பிருந்தே வார்பி ஒருபுறம் அர்யென் லூகாசனின் அயிரியான் ராக் இசைநாடகங்களில் டிரம்ஸ் வாசித்தார். மறுபுறம், பெஸ்டிலன்ஸிலும் ஆஸ்ஃபிக்ஸிலும் பாடிய மார்ட்டின் வான் டிரூனெனோடு ஹெயில் ஆஃப் புல்லட்ஸ் குழுவில் இயங்கினார். இரண்டாம் உலகப்போரின் கிழக்கு முனையைப் பாடுவது அக்குழுவின் 2008ஆம் ஆண்டு முதல் ஆல்பம். மெட்டும் கனமும் பகை என்று கருதியவர் இப்படி இரு உலகிலும் இயங்கியிருக்க மாட்டார். கோர்ஃபெஸ்டை அறிய விரும்பும் இளைஞர்கள் ‘ஃபால்ஸ்’, ‘இரேஸ்’, ‘சோல் சர்வைவர்’, ‘லா முவெர்தே’ என்ற வரிசையில், எதையும் தாண்டாமல் கேட்க வேண்டும். பிறர் எழுதிவைத்த தீர்ப்பை ஒதுக்கிவிட்டுக் கேட்பதே இந்தக் கலைஞர்களுக்கு நாம் செய்யும் நேர்மையான மரியாதை.