காந்த நாடாவில் உறங்கும் குரல்கள்

ஏட்டுச் சுவடிகளைக் கறையான் அரித்த வரலாற்றை நாம் நன்கறிவோம். ஒலிநாடாவும் அழியும் என்பதை அந்த அளவிற்கு எவரும் உணரவில்லை.

எடிசன் 1877-இல் மனிதக் குரலை வெள்ளீயத் தகட்டில் பதித்தார். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்காகப் பாடினார். பாரதியார் மறைந்ததோ 1921-இல். இடையில் ஏறத்தாழ இருபதாண்டுகள் இருந்தும் அவர்தம் குரல் நமக்கு வாய்க்கவில்லை. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் கொண்டது சில நிமிடங்களே. பதிவுக் கருவியும் வணிகர் கையில் இருந்தது. விலைபோகும் பாட்டை அவர்கள் நாடினர். கவிஞனின் வாசிப்பை அன்று.

இந்நிலையை மாற்றியது, 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய காசெட். நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடும் இந்நாடாவில் ஒரு கவியரங்கமே அடங்கிற்று. 1980-களின் மேடையோரங்களில் பதிவான அத்தகைய நாடாக்கள் நம் அன்பர் பலரது இல்லங்களில் இன்றும் உள்ளன. பூஞ்சை படிந்தும் உள்ளன.

அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றும் பணி வீட்டிற்குள் வரத் தாமதமானதற்குக் காரணம் இடப்பற்றாக்குறையே. குறுந்தகட்டின் தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், ஒரு மணி நேர ஒலிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் வேண்டும். 1990-களின் நடுவில் வீட்டுக் கணிப்பொறியின் வன்தட்டு முழுவதும் ஓரிரு நாடாக்களுக்கே போதும். எம்பி3 முறை அதனை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. சுருக்கிய கையோடு மூல நாடாவை எறிந்தவர்களும் உளர்! காதுக்கு எட்டாதெனக் கழித்த ஒலியை மீட்க வழியில்லை. இன்று இடத்திற்குப் பஞ்சமில்லை. சுருக்காத வடிவிலேயே காத்தல் வேண்டும்.

நாடாக்கருவியின் ஒலிமுனையைத் தூய்மை செய்த பின்னரே ஓடவிட வேண்டும். ஒலிவாங்கிக்குரிய துளையில் இணைப்பின் ஒலி சிதையும். நேரடி உள்ளீட்டுத் துளையே உகந்தது.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் குறித்துக் கவிஞர்கள் ஒன்றைக் கருத வேண்டும். நாடாவின் சீறலும் ‘இசை’ என்பதிலுள்ள சகரத்தின் உரசொலியும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில் அமைபவை. சீறலை மிகத் துடைத்தால் சகரம் மழுங்கும். சீர்களுக்கிடையே கவிஞர் வாங்கிய மூச்சும் மறையும். யாப்பைச் செவியால் ஆய்வோர்க்கு அம்மூச்சே சான்று. எனவே துடைக்காத படியொன்று தனியே இருக்கட்டும்.

கோப்பின் பெயரில் ஊர், நாள், பாடியவர் பெயர் மூன்றும் இடம்பெறல் வேண்டும். நாடாவின் உறையில் பென்சிலால் எழுதியவை மங்கிவருகின்றன. அக்குரல்களை அடையாளம் காட்டவல்ல மூத்தோர் சிலரே எஞ்சியுள்ளனர்.