42.34 மீட்டரில் ஒரு திருட்டு ரேடியோ

ஹாம் ரேடியோ ஆசாமிகளுக்கு 40 மீட்டர் பேண்ட் தண்ணி பட்ட பாடு. 1942ல பம்பாயிலிருந்து "காங்கிரஸ் ரேடியோ" தன் அலைவரிசைன்னு அறிவிச்சது 42.34 மீட்டர். கணக்குப் போட்டா சுமார் 7.08 மெகாஹெர்ட்ஸ். அதாவது நம்ம ஹாம் பேண்டுக்குள்ளேயே! காரணம் இருக்கு. அதைக் கட்டினவர் நரிமன் பிரிண்டர், ஒரு ஹாம்.

1939ல போர் ஆரம்பிச்சதுமே வெள்ளைக்கார அரசாங்கம் ஹாம் உரிமங்களை ரத்து பண்ணி, டிரான்ஸ்மிட்டர்களை ஒப்படைக்கச் சொல்லிடுச்சு. 1942 ஆகஸ்ட் 9ந் தேதி காங்கிரஸ் தலைவர்கள் எல்லாம் உள்ளே போயாச்சு. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அப்போதான் 22 வயசு உஷா மேத்தாவும் நண்பர்களும் ரேடியோ நடத்த முடிவு செஞ்சாங்க. சிகாகோ ரேடியோ கம்பெனி நானக் மோட்வானே சாமான் கொடுத்து உதவினார். ஆகஸ்ட் கடைசியில ஒலிபரப்பு ஆரம்பம்.

வால்வு டிரான்ஸ்மிட்டர் என்பது தத்துவத்துல எளிமையானது. ஒரு வால்வு அலையை உண்டாக்கும், அடுத்தது அதைப் பெருக்கும், இன்னொரு பக்கம் மைக்கில் வர்ற குரல் அந்த அலையோட ஏற்ற இறக்கத்தை மாத்தும். ஆனா வால்வோட பிளேட்டுக்குச் சில நூறு வோல்ட் வேணும். கை தவறினா ஆளே காலி. ஹாம்கள் அதைச் சோதிக்கிற வழி அழகானது. ஏரியலுக்குப் பதிலா ஒரு சாதாரண பல்பை மாட்டுவாங்க. பல்பு எரிஞ்சா பவர் வருது. மைக்கில் பேசும்போது வெளிச்சம் துடிச்சா குரலும் ஏறுதுன்னு அர்த்தம். வெளியே ஒரு அலையும் பெரிசாப் போகாது.

ஏரியலை மாட்டினாத்தான் ஆபத்து. வளைய ஏரியலைத் திருப்பிக்கிட்டே வந்தா, ஒரு திசையில சத்தம் அடங்கிப்போகும். அதை வெச்சு நிலையம் இருக்கிற கோட்டைப் பிடிச்சுடலாம். ரெண்டு இடத்திலிருந்து பார்த்தா ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துல நீங்க உட்கார்ந்திருப்பீங்க! அதனாலதான் அவங்க வீடு மாத்திக்கிட்டே இருந்தாங்க. தணிக்கையில அமுங்கிப்போன அஷ்டி, சிமூர் கலவரச் செய்திகள் இப்படித்தான் ஜனங்க காதுக்குப் போச்சு.

1942 நவம்பர் 12ந் தேதி கதை முடிஞ்சது. போலீஸ் கதவை உடைச்சு உள்ளே வந்தது. காட்டிக்கொடுத்தது டெக்னீஷியன்தான்னு உஷா மேத்தா பிற்பாடு சொன்னார். அவருக்கு 4 வருஷ தண்டனை. 1946ல விடுதலை, 1998ல பத்ம விபூஷண்.

பிரிண்டர் பேர் மட்டும் அந்தக் களங்கத்தோடயே நிக்குது. கட்டின கையும் காட்டிக்கொடுத்த கையும் ஒண்ணுதான்னா எப்படி நினைவு வெச்சுக்கிறது? என்னைக் கேட்டா, ரெண்டையும் சேர்த்தே எழுதணும். அந்தப் பெட்டி இல்லாம இந்தக் குரல் இல்லை. ஆனா பெட்டி கட்டத் தெரிஞ்சவனுக்கெல்லாம் அந்தப் பொண்ணோட துணிச்சல் வந்துடாது.

நீங்க என்ன சொல்றீங்க?